புதிய பீர் வகைக்குப் போட்டியில் இடம் கிடைப்பது எப்படி? கோல்ட் ஐபிஏவை முன்வைத்து

கொதிகலன்:

வணக்கம். நியூ ஜெர்சியிலிருந்து எழுதுகிறேன். இங்கே நடந்த ஒரு ஹோம்புரூ (வீட்டில் காய்ச்சிய பீர்) போட்டிக்கு கோல்ட் ஐபிஏ ஒன்றை அனுப்பியிருந்தேன். ஐபிஏ என்றால் ஹாப் பூவின் மணமும் கசப்பும் தூக்கலான பீர். அதை லாகர் ஈஸ்ட்டில் இலேசாகச் செய்வது கோல்ட் ஐபிஏ. முக்கால் பங்கு பில்ஸ்னர் மால்ட் (முளைகட்டி உலர்த்திய வெளிர் பார்லி), கால் பங்கு அரிசி. லாகர் ஈஸ்ட்டை வழக்கமான குளிரில் வைக்காமல் 18 டிகிரியில் நொதிக்க விட்டேன். கடைசியில் சிட்ரா, மொசைக் ஹாப்களைத் தாராளமாகப் போட்டேன். குடித்தவர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள், எனக்கும் திருப்திதான்.

போட்டிப் பட்டியலில் கோல்ட் ஐபிஏ என்ற பெயரே கிடையாது. அதனால் 21ஏ, அதாவது அமெரிக்கன் ஐபிஏவில் பதிந்தேன். 50க்கு 29 வந்தது. ஒரு நடுவர் எழுதியிருந்தது: "நொதித்தல் சுத்தம். ஹாப் மணம் அருமை. நிறம் இந்த வகைக்கு ரொம்ப வெளிறியிருக்கிறது. மால்ட் தாங்கவில்லை." இன்னொருவர்: "நல்ல பீர். ஆனால் அமெரிக்கன் ஐபிஏ இல்லை."

நல்ல பீர் என்று எழுதிவிட்டு 29 போட்டிருக்கிறார். கோபமில்லை, புரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். இந்தப் பட்டியலைப் போடுவது யார்? புதிதாக ஒரு வகை கிளம்பினால் அது எப்போது, எந்த வழியில் உள்ளே வரும்? போர்ட்லாந்தில் வேஃபைண்டர் ஆலையில் கெவின் டேவி இதை 2018இலேயே காய்ச்சிவிட்டார். இன்னும் எத்தனை காலம் காத்திருப்பது?

மட்டுறுத்துநர்:

இந்த இழை வெளிநாட்டுப் போட்டிகளைப் பற்றியது. தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் வீட்டில் மது தயாரிப்பது குற்றம். "சென்னையில் எப்படிச் செய்வது" என்ற கேள்விகளை இங்கே போட வேண்டாம். மற்றபடி தாராளமாகப் பேசுங்கள்.

வைகைக்கரை:

கொதிகலன் தம்பி, நான் பிஜேசிபி (பீர் போட்டி நடுவர்களின் அமைப்பு) நடுவர். உங்கள் மேசையில் நான் உட்காரவில்லை, ஆனால் அந்த 29 எப்படி வந்திருக்கும் என்று சொல்ல முடியும்.

மதிப்பெண் தாளை எடுத்துப் பாருங்கள். மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணர்வுக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. நடுவருக்கு உங்கள் பெயர் தெரியாது, ஊர் தெரியாது. ஒரு எண், நீங்கள் பதிந்த பிரிவு, குறிப்பு ஏதாவது எழுதியிருந்தால் அது. அவ்வளவுதான் அவர் கையில் இருக்கும். 21ஏ என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அப்புறம் அவர் அமெரிக்கன் ஐபிஏவைத்தான் தேடுவார். அரிசி போட்டு உடலை, அதாவது வாயில் தெரியும் கனத்தை, குறைத்த பீரில் மால்ட் தாங்கவில்லை என்று படத்தான் செய்யும். நிறத்தால் ஒரு புள்ளி போயிருந்தாலே அதிகம். சுவையிலும் மொத்த அபிப்பிராயத்திலும்தான் மீதி போயிருக்கும்.

நீங்கள் போக வேண்டிய இடம் 21பி, ஸ்பெஷாலிட்டி ஐபிஏ. அது ஒரு தனி வகை இல்லை, இன்னும் பெயர் நிலைக்காத ஐபிஏக்களுக்காகவே திறந்து வைத்த கதவு. பிளாக், ரெட், ரை, ஒயிட், புரூட் என்று சிலவற்றுக்கு அங்கே விவரணை எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பட்டியலில் இல்லாதது என்றால், "என் பீர் இப்படி இருக்கும்" என்று நீங்களே எழுதிக் கொடுக்கலாம். விதியே அதுதான். செஷன், ஸ்டாண்டர்டு, டபுள் என்று வலிமையையும் குறிக்க வேண்டும். ஐபிஏ குடும்பத்தில் சேராத புதுமை என்றால் 34சி, எக்ஸ்பெரிமென்டல் பீர்.

பட்டியலைப் போடுவது பிஜேசிபிதான். 1985இல் தொடங்கிய நடுவர் அமைப்பு, சம்பளமில்லாத தன்னார்வலர்களால் ஓடுவது. வழிகாட்டிப் பதிப்புகள் 2004, 2008, 2015, 2021 என்று வந்திருக்கின்றன. இடைவெளியைப் பார்த்தாலே உங்கள் மூன்றாவது கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

மீதிப் பாதிக்கு ஹேஸி (மங்கலான) ஐபிஏவின் கதையைச் சொல்ல வேண்டும். வெர்மான்ட்டில் ஜான் கிம்மிக் தன் ஆல்கெமிஸ்ட் பப்பில், அந்த வகைக்கு வழிவகுத்த ஹெடி டாப்பர் பீரை முதலில் காய்ச்சியது 2004. அதன் ஈஸ்ட், கிரெக் நூனனின் வெர்மான்ட் பப் அண்ட் புரூவரியில் கிம்மிக் வேலை பார்த்த காலத்திலிருந்து வந்தது. 2011இல் ஐரீன் புயல் வெள்ளத்தில் பப் அழிந்தது. அதே சமயத்தில் தயாராகியிருந்த புதிய ஆலையிலிருந்து கேன்கள் வெளியே வந்தன. அதன் பிறகுதான் வெளியூர்க்காரர்கள் வரிசையில் நிற்க ஆரம்பித்தார்கள், வீட்டில் காய்ச்சுபவர்கள் கேனின் அடியில் தங்கிய ஈஸ்ட்டை எடுத்து வளர்க்க ஆரம்பித்தார்கள்.

போட்டி மேசைக்கு இந்த பீர்கள் வர ஆரம்பித்தபோது எங்கள் கையில் இருந்தது 2008 வழிகாட்டி, அப்புறம் 2015. அமெரிக்கன் ஐபிஏ தெளிவாக இருக்க வேண்டும், டிரை ஹாப் (நொதித்தலின்போதோ பிறகோ சேர்க்கும் ஹாப்) போட்டு வடிகட்டாமல் விட்டால் லேசாக மங்கலாம் என்றுதான் அதில் இருந்தது. எதிரே வந்த கண்ணாடியில் மாம்பழச் சாறு மாதிரி ஒன்று. கசப்பு அடங்கி, வாயில் மெத்தென்று, பழ மணம் தூக்கலாக. மங்கலுக்கு அதிகபட்சம் மூன்று புள்ளிதான் குறைக்க முடியும். ஆனால் கசப்பு போதாது, முடிவு உலரவில்லை, உடல் கனம் என்று வரிசையாக வெட்டினால் அருமையான பீர்கூட முப்பதைத் தாண்டாது. அதே பிரிவில் தெளிவான, கசப்பான பழைய மேற்குக் கரை ஐபிஏக்களும் இருந்தன. வேறு வேறு இலக்கை வைத்துக் காய்ச்சிய இரண்டு பீர்களை ஒரே அளவுகோலால் அளந்துகொண்டிருந்தோம். இரண்டு பக்கமும் நியாயம் கிடைக்கவில்லை.

நடுவர்களே முறையிட்டார்கள், போட்டி நடத்துபவர்களும் முறையிட்டார்கள். இந்த மங்கல் பீர், நியூ இங்கிலாந்து ஐபிஏ என்ற பெயரில், முதலில் தற்காலிக வகையாக 21பியின் கீழ் வந்தது. 2021இல் ஹேஸி ஐபிஏ என்ற பெயரில் 21சி ஆகத் தனி இடம் பெற்றது. கசப்பு எல்லை 25 முதல் 60 ஐபியூ (கசப்பை அளக்கும் அலகு). 21ஏவில் அது 40 முதல் 70. இந்த எண்களை ஒப்பிட்டாலே முன்பு எங்கே புள்ளிகள் போயின என்று தெரிந்துவிடும்.

கொதிகலன்:

நன்றி அக்கா. 21பியில் விவரணை எழுதிக் கொடுக்கலாம் என்பதைப் படிவத்தில் யாரும் கண்ணில் படும்படி போடுவதில்லை. அடுத்த போட்டிக்கு அங்கேதான் பதியப்போகிறேன்.

ஆனால் ஒன்று. ஹெடி டாப்பர் 2004, தனி இடம் 2021. பதினேழு வருடம் நீளமில்லையா?

பழைய பீப்பாய்:

நீளமில்லை. சரியான வேகம் என்பேன்.

புரூட் ஐபிஏ ஞாபகம் இருக்கிறதா? 2017 கடைசியில் சான் பிரான்சிஸ்கோவில் சோஷியல் கிச்சன் ஆலையில் கிம் ஸ்டர்டவன்ட் ஆரம்பித்து வைத்தார். அமைலோகுளுக்கோசிடேஸ் என்ற நொதியைப் போட்டு மாவுச்சத்தில் மிச்சம் இருப்பதையெல்லாம் ஈஸ்ட் தின்னும்படி உடைத்துவிடுவது. எலும்பு மாதிரி உலர்ந்த, ஷாம்பெயின் போலப் பொங்கும் ஐபிஏ. அடுத்த வருடம் முழுக்க எங்கே பார்த்தாலும் அதுதான். 2021 வழிகாட்டி வந்து, 21பியில் அதற்கு விவரணை ஏறியபோது கடைகளில் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

பிளாக் ஐபிஏவையும் பாருங்கள். வைகை அம்மா சொன்ன அதே கிரெக் நூனன் 1990களின் தொடக்கத்தில் செய்தது என்பார்கள். இருபது வருடம் கழித்து வடமேற்கு அமெரிக்காக்காரர்கள் அது எங்களுடையது, காஸ்கேடியன் டார்க் ஏல் என்றே சொல்ல வேண்டும் என்று சண்டை பிடித்தார்கள். 2015 வழிகாட்டியில் இடமும் கிடைத்தது. இன்றைக்குக் குளிர்காலத்தில் ஒன்றிரண்டு ஆலைகள் செய்தால் உண்டு.

கிளம்புவதையெல்லாம் உடனுக்குடன் சேர்த்தால் பட்டியல் வீங்கிவிடும். ஒவ்வொரு வரியையும் நடுவர் படித்து, குடித்துப் பழகித் தேர்வு எழுத வேண்டும். அவரும் வேலை முடித்து வந்து சனிக்கிழமை காலையில் உட்காருகிற மனிதர்தான்.

கோல்ட் ஐபிஏ மேல் எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. பழைய மேற்குக் கரை ஐபிஏவை லாகர் ஈஸ்ட்டில் செய்தால் தனி வகையா? இந்தியா பேல் லாகர் என்று ஒன்று முன்பே இருந்ததே.

கொய்யா:

பீப்பாய் ஐயாவிடம் இந்த ஒரு விஷயத்தில் ஒத்துப்போக முடியாது. எல்லா வகைக்கும் பதினேழு வருடம் ஆகவில்லை. காத்தரீனா சோர் என்ற புளிப்பு பீருக்கு மூன்று வருடம்தான் ஆனது.

பிரேசிலின் தெற்கே சாந்தா காத்தரீனா மாநிலம். ஜெர்மானியக் குடியேறிகள் வந்து தங்கிய பகுதி, புளூமெனாவ் அங்கேதான் இருக்கிறது. வெளிர் கோதுமை பீர், கொதிகலத்திலேயே லாக்டோபாசில்லஸ் பாக்டீரியா விட்டுப் புளிக்கவைத்து, அப்புறம் நொதித்தலின்போது புதுப் பழத்தைச் சேர்ப்பது. கொய்யா, மாம்பழம், பாஷன் ஃப்ரூட், அன்னாசி என்று அங்கே விளைவது எதுவானாலும் சரி. ஆல்கஹால் 4 முதல் 5.5 சதவீதம், கசப்பு 2 முதல் 8 ஐபியூ, அதாவது கிட்டத்தட்ட இல்லை. வெயில் ஊருக்கென்றே பிறந்தது.

இந்த மாதிரி பீர்கள் அதற்கு முன்பும் அங்கே இருந்தன. ஆளாளுக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். 2015இல் ஆலைக்காரர்களும் வீட்டில் காய்ச்சுபவர்களும் ஒரு பயிற்சிப் பட்டறையில் ஒன்றாக உட்கார்ந்து, பெயரையும் எல்லைகளையும் முடிவு செய்தார்கள். பெர்லினர் வைஸ் என்ற ஜெர்மன் புளிப்பு பீரை விட வலிமை கூட, பழம் முன்னால் நிற்க வேண்டும், புதுப் பழத்தின் குணம் தெரிய வேண்டும், உப்பும் மல்லியும் போட்டு கோஸே ஆக்கக் கூடாது. 2018இல் பிஜேசிபி அதைத் தற்காலிக வகையாக ஏற்றது. பிரேசிலிலிருந்து அப்படி ஏற்கப்பட்ட முதல் வகை அது. 2021 வழிகாட்டியில் உள்ளூர் வகைகளுக்கான பின்னிணைப்பில் எக்ஸ்4 என்று இருக்கிறது.

வேகமாக வந்ததற்குக் காரணம், வீட்டில் காய்ச்சுபவர்களைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விடாமல் முதல் நாளிலேயே மேசையில் உட்காரவைத்தது. விவரணை கையில் இருந்ததால் மற்ற மாநிலக்காரர்களும் அதைப் பார்த்துக் காய்ச்ச முடிந்தது. வெர்மான்ட்டில் எழுத்தில் எதுவுமே இல்லை, எல்லோரும் ஒரு கேனைக் குடித்து யூகித்துக்கொண்டிருந்தார்கள்.

கிராகூஃப் குமரன்:

நல்ல இழை. போலந்திலிருந்து ஒரு கதை. இது புதிய வகை இல்லை, செத்துப் பிழைத்த வகை. ஆனால் கேள்வி அதேதான்.

கிரோஜிஸ்க் வியெல்கோபோல்ஸ்கி என்ற சிற்றூரில் பல நூற்றாண்டுகளாகக் காய்ச்சிய பீர், பிவோ கிரோஜிஸ்கியே. முழுக்க முழுக்கக் கோதுமை மால்ட், அதுவும் ஓக் விறகுப் புகையில் உலர்த்தியது. ஆல்கஹால் 2.5 முதல் 3.3 சதவீதம்தான். கண்ணாடி போலத் தெளிவு, நுரை பொங்கும் அளவுக்கு வாயு. ஜெர்மன்காரர்கள் கிரேட்சர் என்பார்கள். 1993இல் கடைசி ஆலையும் மூடியது. குடிக்க ஒரு பாட்டில்கூட மிஞ்சவில்லை.

அதைத் திரும்பக் கொண்டுவந்ததில் பெரும் பங்கு போலந்து ஹோம்புரூயர் சங்கத்துக்கு. பழைய குறிப்புகளைத் தேடினார்கள், ஈஸ்ட்டைத் தேடினார்கள், காய்ச்சிக் காய்ச்சி ஒப்பிட்டார்கள். 2015 வழிகாட்டியில் வரலாற்று பீர்கள் பிரிவில் அது ஏறியது. அதே 2015இல் அந்த ஊர் ஆலையும் மறுபடி திறந்தது.

நான் முதலில் குடித்தபோது புகையெல்லாம் பெரிதாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். லேசாக மூக்கில் தட்டிவிட்டுப் போய்விடுகிறது, நாக்கில் ரொட்டி மாதிரி கோதுமை, கடைசியில் சுள்ளென்று ஹாப். புகை தூக்கலான ஜெர்மனியின் பாம்பெர்க் பீரை மனதில் வைத்து மதிப்பிடும் நடுவர் கிரோஜிஸ்கியே காய்ச்சியவரைக் கவிழ்த்துவிடுவார். விவரணை வந்த பிறகுதான் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் போட்டிகளில் இது நியாயமாகக் குடிக்கப்படுகிறது.

கொதிகலன்:

அப்படியென்றால் நாங்கள் கூட்டமாகச் சேர்ந்து 21பியில் கோல்ட் ஐபிஏவாகவே அனுப்பிக்கொண்டிருந்தால் பிஜேசிபி கவனிக்குமா? எண்ணிக்கைதான் கணக்கா?

வைகைக்கரை:

எண்ணிக்கை உதவும், ஆனால் அது மட்டும் போதாது. எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன்.

எண்ணிக்கையின் பலத்துக்கு உதாரணம் வணிகப் போட்டியில் இருக்கிறது. புரூவர்ஸ் அசோசியேஷன் வருடாவருடம் தன் பட்டியலைத் திருத்தும், அது ஆலைகளுக்கானது. 2018இல் ஜூசி ஆர் ஹேஸி வகைகளைச் சேர்த்தார்கள். அந்த ஆண்டே கிரேட் அமெரிக்கன் பீர் ஃபெஸ்டிவலில் ஜூசி ஆர் ஹேஸி ஐபிஏதான் அதிகப் பதிவு வந்த பிரிவு. பல வருடம் முதலிடத்தில் இருந்த அமெரிக்கன் ஐபிஏவை முதல் ஆண்டிலேயே பின்னால் தள்ளியது. அவ்வளவு கூட்டம் வேறு பிரிவுகளில் ஒண்டிக்கொண்டிருந்தது என்று அர்த்தம்.

ஆனால் பிஜேசிபிக்கு அதை விட முக்கியம் வேறு. முகம் தெரியாத பல பேர், வேறு வேறு ஊரில், ஒரே இலக்கை வைத்துக் காய்ச்சுகிறார்களா? முன்பே இருக்கும் வகைகளிலிருந்து அதைக் குடித்தே பிரித்துச் சொல்ல முடிகிறதா? கடையில் வாங்கி நடுவர்கள் பழகிக்கொள்ள உதாரண பீர்கள் இருக்கின்றனவா? இந்த மூன்றுக்கும் ஆமாம் என்றால், பிறகு யாராவது உட்கார்ந்து எழுத வேண்டும். மணம், தோற்றம், சுவை, வரலாறு, மூலப்பொருள், அடர்த்தி எண்கள் எல்லாம். எழுதும் வேலைக்குத்தான் ஆள் கிடைப்பதில்லை. கத்துவதற்கு நிறைய பேர் இருக்கிறார்கள். கொய்யா சொன்ன பிரேசில்காரர்கள் அதைச் செய்துகொண்டு வந்து கொடுத்தார்கள்.

உள்ளே வந்த பிறகும் இடம் மாறும். கோஸே 2015இல் வரலாற்றுப் பிரிவில் இருந்தது. உலகமெங்கும் காய்ச்ச ஆரம்பித்ததும் 2021இல் ஐரோப்பியப் புளிப்பு பீர்களோடு 23ஜி ஆகிவிட்டது. 2015இல் உள்ளூர் வகையாக வந்த இத்தாலியன் கிரேப் ஏல் 2021இல் 29டி, கிரேப் ஏல் என்று முக்கியப் பட்டியலுக்கு உயர்ந்தது. திராட்சைச் சாறும் பீரும் சேர்வது. உயர்ந்தபோது பெயரிலிருந்து இத்தாலி உதிர்ந்துவிட்டது. சார்டினியாவில் பார்லி ஆலை போன்றவர்கள் வருடக்கணக்கில் உழைத்து உருவாக்கியது. அவர்களுக்கு அது வலித்திருந்தால் எனக்கு ஆச்சரியமில்லை. எனக்கே வருத்தம்தான். ஊர் பெயர் இருந்தாலும் மற்ற நாட்டவர் காய்ச்சியிருப்பார்கள்.

பீப்பாய் அண்ணா, கோல்ட் ஐபிஏ பற்றி: இந்தியா பேல் லாகர் என்று வருபவை மால்ட் உடலோடு, லாகரின் மென்மையோடு இருக்கும். கோல்ட் ஐபிஏவில் அரிசியோ மக்காச்சோளமோ உடலை வேண்டுமென்றே குறைக்கிறது. ஹாப் எதிலும் மோதாமல் நேராக வந்து நிற்கிறது. நன்றாகச் செய்த இரண்டையும் பக்கத்தில் வைத்தால் நான் பிரித்துவிடுவேன். சுமாராகச் செய்ததைப் பிரிக்க முடியாது, அதுதான் இப்போதைய சிக்கல்.

பழைய பீப்பாய்:

பிரிக்க முடியும் என்று நீங்கள் சொன்னால் நம்புகிறேன். என் கவலை வேறு இடத்தில் இருக்கிறது. எழுதிவிட்டால் அதுவே சட்டமாகிவிடுகிறது. வழிகாட்டியின் முன்னுரையிலேயே தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள்: இது வழிகாட்டி, கறாரான விதி இல்லை, போட்டிகளுக்காக எழுதியது, வகைகள் காலத்தோடு மாறும். அந்தப் பக்கத்தை யார் படிக்கிறார்கள்? எல்லோரும் நேராக எண்களுக்குப் போய்விடுகிறார்கள். ஐபியூ ஒன்று கூடிவிட்டதாம், அதனால் இந்த வகை இல்லையாம்.

வைகைக்கரை:

எண்ணை வைத்து வெட்டும் நடுவர் இருக்கிறார், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நாக்கால் ஐபியூவை அளக்க முடியாது. சொற்களைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். 21சியில் மங்கல் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். மங்கலாக இருக்கலாம், ஒளி ஊடுருவாமல்கூட இருக்கலாம். ஆனால் கலங்கிச் சேறாக இருக்கக் கூடாது, ஹாப் துகளோ ஈஸ்ட் கட்டியோ மிதந்தால் குறை. இந்த வரிகளுக்கு முன்னால் சிலர் மாவைக் கலந்தெல்லாம் மங்கலாக்கிக்கொண்டிருந்தார்கள். எழுதியது அங்கே நல்லதுதான் செய்தது. அதைச் சட்டம் என்று சொன்னாலும் எனக்குச் சம்மதம்.

பழைய பீப்பாய்:

இந்த ஒரு உதாரணத்துக்குச் சரி. எல்லாவற்றுக்கும் சரி என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கொய்யா:

கொதிகலன், விவரணை எழுதிவிட்டீர்களா? இங்கே போடுங்கள், பார்ப்போம்.

கொதிகலன்:

தமிழில் யோசித்து எழுதினேன், படிவத்துக்கு ஆங்கிலத்தில் மாற்றிக்கொள்வேன்.

"கோல்ட் ஐபிஏ. ஸ்டாண்டர்டு வலிமை. போர்ட்லாந்தில் பிறந்த புதிய வகை, லாகர் ஈஸ்ட்டில் நொதித்தது. மிகவும் மிருதுவானது. சிட்ரா, மொசைக், கொஞ்சம் நெல்சன் சோவின்."

வைகைக்கரை:

பிறந்த ஊர் வேண்டாம், நடுவருக்கு அதனால் பயனில்லை. மிருதுவானது என்ற சொல்லை எடுத்துவிடுங்கள், அதைப் பார்த்ததும் ஹேஸியின் மெத்தென்ற உடலைத் தேட ஆரம்பித்துவிடுவார். குடித்தால் என்ன தெரியுமோ அதை மட்டும் எழுதுங்கள். முக்கியமாக, அமெரிக்கன் ஐபிஏவிலிருந்து எங்கே விலகுகிறது என்று சொல்லுங்கள். நிறமும் உடலும்தானே போன தடவை அடி வாங்கியது? அவற்றை முதலில் வையுங்கள்.

பழைய பீப்பாய்:

நெல்சன் சோவின் ஹாப்பையும் எடுத்துவிடுங்கள். கொஞ்சம் என்று நீங்களே சொல்கிறீர்கள். பெயரைப் பார்த்தால் நடுவர் வெள்ளைத் திராட்சை மணத்தைத் தேடுவார். கிடைக்காவிட்டால் அதற்கும் ஒரு புள்ளி போகும்.

கொதிகலன்:

மாற்றிவிட்டேன்.

"கோல்ட் ஐபிஏ, ஸ்டாண்டர்டு வலிமை. மிக வெளிர் பொன் நிறம், தெளிவு. அரிசியால் இலகுவான உடல், மால்ட் பின்னணியில் மட்டும். லாகர் ஈஸ்ட், பழ எஸ்டர் இல்லாத சுத்தமான நொதித்தல். உறுதியான கசப்பு, நன்கு உலர்ந்த முடிவு. எலுமிச்சை வகை, வெப்பமண்டலப் பழ ஹாப் மணம்."

வைகைக்கரை:

இது போதும். வார்த்தை அதிகமானால் படிவத்தில் வெட்டுப்படும், அதனால் முதல் மூன்று வாக்கியங்களின் வரிசையை மாற்ற வேண்டாம். முடிவு வந்ததும் மதிப்பெண் தாளை இங்கேயே போடுங்கள். 21பியில் உங்கள் மேசைக்கு வேறு கோல்ட் ஐபிஏ வந்ததா என்றும் போட்டி நடத்துபவரிடம் கேட்டுப் பாருங்கள்.